ஆவுடையார்கோவிலுக்கு ஆறு கத்திகளுடன்

போன மாதம் நான் எழுதிய தஞ்சாவூர்ப் பயணக் கட்டுரையைப் படித்துவிட்டு மூன்று நான்கு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். ஆவுடையார்கோவிலுக்கு எப்படிப் போவது? ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? தாராளமாக முடியும். ஆனால் நான் அந்த ஊருக்குப் போனது ஒரே ஒரு தடவை. அதுவும் 1962இல், கோயில் பார்க்க அல்ல. அதனால் பஸ் வழியை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட மனம் வரவில்லை. போன கதையையும் சேர்த்தே கேளுங்கள். அவசரக்காரர்கள் கொஞ்சம் கீழே தாவினால் வழி விவரம் இருக்கிறது, எனக்கு வருத்தமில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஆவுடையார்கோவிலில் ஓர் அரிசி மில் முதலாளி, தன் அம்மா கடைசி வரை பார்வை இல்லாமலே போய்ச் சேர்ந்த வருத்தத்தில், ஊருக்குக் கண் முகாம் ஒன்று நடத்த ஆசைப்பட்டார். நவராத்திரி லீவில் பள்ளிக்கூடம் காலியாக இருக்கும், பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டால் கட்டில் ஆகிவிடும் என்று எங்கள் டாக்டருக்குக் கடிதம் போட்டார். முதல் ஆபரேஷன் விஜயதசமி அன்று என்றும் அவரே நாள் குறித்துவிட்டார். டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார். அப்போது புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆகவில்லை. அறந்தாங்கிப் பக்கமெல்லாம் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குத் திருச்சியிலிருந்து ஆஸ்பத்திரி வேனில் கிளம்பினோம். டாக்டர், நான், டிரைவர் அந்தோணி, பின்னால் பஞ்சு மூட்டைகளும் மருந்துப் பெட்டிகளும். என் மடியில் மட்டும் ஒரு தட்டையான மரப்பெட்டி. உள்ளே நீல வெல்வெட்டில் படுத்துக்கொண்டு ஆறு கத்திகள்.

அந்தக் கத்தியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. கண்புரை எடுக்கிற கத்தி. ஜெர்மனியில் செய்தது, தந்தப் பிடி போட்டது. அலகு என் சுண்டுவிரல் நீளம்கூட இராது, அகலம் ஒரு நெல்மணியளவு. கருவிழியின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியே வந்து, ஒரே இழுப்பில் மேலே அறுத்துக்கொண்டு வர வேண்டும். பாதியில் நின்றால் கண் போச்சு. அதனால் மற்றக் கருவிகளைக் கொதிக்கவைப்போம், இதைக் கொதிக்கவைக்க மாட்டோம். வெந்நீர் பட்டால் முனை மழுங்கிவிடும் என்று ஸ்பிரிட்டில்தான் ஊறவைப்போம். பெட்டியை வேனின் தரையில் வைத்தால் ரோட்டுக் குலுக்கலில் கத்திகள் ஆடி முனை கெடும். அதனால்தான் மடி. அந்தக் காலத்தில் யாராவது என்னிடம் உனக்குக் குழந்தை உண்டா என்று கேட்டிருந்தால், ஆமாம், ஆறு என்று சொல்லியிருப்பேன். அத்தனை கர்வம் எனக்கு அந்தப் பெட்டியின் மேல்.

கீரனூரில் நிறுத்தி டீ குடித்தோம். நான் இறங்கவில்லை, அந்தோணி கிளாஸை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். "கொஞ்சம் அங்கிட்டு வச்சிட்டுத்தான் குடியுங்களேன் சிஸ்டர், அது என்ன எந்திரிச்சா ஓடிப் போயிரும்?" என்று கேலி செய்தார். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை முப்பத்து மூன்று மைல். எட்டு மணிக்கு அங்கே இட்லி. பிறகு அறந்தாங்கி இருபது மைல், ரோடு அப்படி ஒன்றும் மோசமில்லை. அறந்தாங்கியில் சந்தை நாளோ என்னவோ, மாட்டு வண்டிகள் வழிவிடாமல் அரை மணி நேரம் போயிற்று. அங்கிருந்து ஆவுடையார்கோவில் ஒன்பது மைல். அந்த ஒன்பது மைலுக்குத்தான் பெட்டியை மடியிலிருந்தும் தூக்கி இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டேன். ரோடு அந்த லட்சணம்.

பள்ளிக்கூட வாசலில் எங்களை வரவேற்றவர் மில் மானேஜர் ராமையா. முதலாளி பணம் தந்தார், மற்ற எல்லாம் ராமையாதான். நாற்பது வயது இருக்கும், வெள்ளைச் சட்டை, காதோரம் பென்சில். வெள்ளாற்று மணலை அள்ளிச் சலித்து, சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து அடுக்கி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஏழு நாள் மல்லாந்து படுக்க வேண்டும், இரண்டு கண்ணிலும் கட்டு, தலை அசையாமலிருக்க இரண்டு பக்கமும் மணல் பை. நாங்கள் சொன்னது பதினைந்து பேருக்கு. அவர் ஐம்பது பை தைத்து வைத்திருந்தார். "ஒண்ணு கிழிஞ்சா இன்னொண்ணு வேணும்லங்க" என்றார். எனக்கு அவரை அப்போதே பிடித்துப் போயிற்று. பிறகு நடந்ததை நினைத்து இதை எழுதும்போதும் அந்தப் பிடித்தம் போகவில்லை, அது ஏன் என்று நீங்களே பாருங்கள்.

சனிக்கிழமை கண் பரிசோதனை. மீமிசல் போகிற ரோட்டில் ஒரு கிராமத்திலிருந்து சிவகாமி என்ற அம்மா வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், புருஷன் இல்லை. கையைப் பிடித்துக் கூட்டி வந்தவன் அவருடைய ஒரே மகன் கணேசன். பதினேழு வயதில் பினாங்குக்குக் கப்பலேறியவன், அங்கே ஒரு மளிகைக் கடையில் வேலை. பதிமூன்று வருஷம் கழித்து இப்போதுதான் முதல் தடவையாக ஊருக்கு வந்திருக்கிறான். அவன் வருவதற்குள் அம்மாவின் இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. வெளிச்சம் தெரியும், ஆள் நிழல் தெரியும், அவ்வளவுதான்.

"மொகத்தத் தடவித்தான் பாத்தேன் தாயி," என்று என்னிடம் சொன்னார். "தாடை எலும்பெல்லாம் வேற ஆளா இருக்கு. போறப்ப மீசைகூட மொளைக்கல."

டாக்டர் கண்ணைப் பார்த்தார். வலது கண் புரை நன்றாக முற்றியிருந்தது. எடுத்துவிடலாம், பார்வை வரும் என்றார். "திங்கக்கிழமை பண்ணினா அடுத்த திங்கக்கிழமை கட்டு அவிழ்த்துடலாம்."

கணேசன் தயங்கிக்கொண்டே, "நான் அடுத்த செவ்வாக்கெழம விடியக்காலம் நாகப்பட்டினம் பஸ் ஏறணும் சார். மறுநா கப்பல்," என்றான்.

"அப்ப நடுவுல ஒரு நாள் இருக்கு," என்றார் டாக்டர்.

சிவகாமி சிரித்தார். "ஒரு நா எதேஷ்டம்ங்க. பதிமூணு வருசத்துக்கும் சேத்துப் பாத்துருவேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆயுத பூஜை. அன்றைக்கு யாரும் உடம்பில் கத்தி வைக்க விடமாட்டார்கள், நாங்களும் வேலை வைக்கவில்லை. காலையில் ராமையா டாக்டரிடம் வந்து, கருவிகளையும் பூஜையில் வைக்கலாமா என்று ரொம்பப் பணிவாகக் கேட்டார். டாக்டர் யோசித்துவிட்டு, "தாராளமா வைங்க. பெட்டியைத் திறக்காம மேலே ஒரு பொட்டு வச்சாப் போதும்," என்றார். ராமையா தலையாட்டினார். பள்ளிக்கூடத்தில் ஓர் அறையை மெழுகிக் கோலம் போட்டு, பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு போனார். சாயந்தரம் பூஜை, அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை ஆயுதத்தை யாரும் தொடக்கூடாது என்று அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அது அவர்கள் வழக்கம்.

அன்று மாலை டாக்டர் எங்களைக் கோயிலுக்கு அனுப்பினார். நான் கிறிஸ்தவப் பெண், வேதக்காரி, மண்டபத்தோடு நின்றுகொண்டேன். ஆனால் அந்த மண்டபம் போதும். கூரையின் ஓரத்தில் நீண்டு வளைந்த கல் தாழ்வாரம், கொடுங்கை என்கிறார்கள். மரச்சட்டமும் ஆணியும் கம்பியும் வைத்துக் கட்டியது போல இருக்கிறது, அத்தனையும் கல். அந்தோணி கை நீட்டித் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார். மூலஸ்தானத்தில் சாமிக்கு உருவம் கிடையாது, லிங்கம் இல்லாமல் அதன் பீடமான ஆவுடை மட்டும்தான் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். படைக்கிற சோற்றையும் கல்மேடையில் சூடாகக் கொட்டிப் பரப்பி, அதிலிருந்து எழும் ஆவியைத்தான் நைவேத்தியம் செய்வார்களாம். எனக்கு அந்த ஊர் ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த மாலைதான் நான் அங்கே நிம்மதியாக இருந்த கடைசி மாலை.

திங்கட்கிழமை விடிந்ததும் ராமையா குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு வந்து அறையைத் திறந்தார். நான் பெட்டியை எடுக்கப் போனேன். பெட்டி காலியாக ஓர் ஓரத்தில் இருந்தது. நுனி வாழை இலையில் ஆறு கத்திகளும் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றையும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, முனையில் சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்திருந்தார். ராத்திரி முழுக்க அந்த ஈரம் இரும்பில் ஊறிக் காய்ந்திருந்தது. ஒரு சின்ன செம்பருத்திப்பூவும் பக்கத்தில் இருந்தது.

நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அப்போது நல்ல வாய் எனக்கு. சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும், பேருக்கு முன்னால் மிஸ்டர் சேர்ந்துவிடும். "மிஸ்டர் ராமையா, நீங்க கொஞ்சம் உட்காருங்க," என்று அவர் சொன்னபோது எனக்கே பயமாக இருந்தது.

ராமையாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் செத்துப் போயிற்று. "பெட்டிக்கு எப்புடிங்க பொட்டு வக்கிறது? பெட்டியா வேல செய்யுது? மில்லுல மிசினுக்கு, லாரிக்கு, தராசுக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் என் கையாலதான் வச்சேன். கண்ணு குடுக்குற ஆயுதத்த மட்டும் உள்ள இருட்டுல போட்டு மூடி வக்க மனசு வல்லிங்க. நல்லாத் தொடச்சுத் தந்துர்றேங்க அய்யா." துண்டை எடுத்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

கத்திகளை ஸ்பிரிட்டில் கழுவினோம். குங்குமம் போயிற்று, துரு போகவில்லை. எங்களிடம் ஒரு சின்ன வளையம் உண்டு, ஒரு ரூபாய்க் காசு அகலம், அதன் மேல் மெல்லிய ஆட்டுக்குட்டித் தோலை மத்தளம் போல இழுத்துக் கட்டியிருக்கும். கத்தியை அழுத்தாமல் தோலின் மேல் நிறுத்தி விட வேண்டும். முனை சரியாக இருந்தால் தன் கனத்திலேயே தோலுக்குள் இறங்கிவிடும், சத்தமே வராது. டாக்டர் ஆறையும் பார்த்தார். ஒன்று இறங்கவே இல்லை. மற்றவை சின்னதாக ஒரு கிறீச் சத்தத்தோடு இறங்கின. கத்திகளைத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினார். "முகாம் இப்போதைக்கு நிற்கிறது," என்றார்.

திருச்சி ஆஸ்பத்திரியில் வேறு கத்திகள் இருந்தன, ஆனால் பீரோவில். பீரோச் சாவி சூப்பிரண்டெண்டிடம். அவர் பூஜை லீவுக்குக் கும்பகோணத்துக்கு மாமனார் வீடு போயிருந்தார். அந்தோணி வேனை எடுத்தார். ராமையாவும் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். கும்பகோணம் போய்ச் சாவி வாங்கி, திருச்சி போய்க் கத்தி எடுத்து, திரும்பி வர வேண்டும். எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

வந்திருந்தவர்களுக்கு விஷயத்தைச் சொன்னோம். பெரும்பாலோர், சரி, சாமி குத்தம் இல்லாமல் நடந்தால் போதும் என்று மர நிழலில் போய் உட்கார்ந்தார்கள். சிவகாமி மட்டும் கணேசன் கையை விடுவித்துக்கொண்டு, குரல் வந்த திசையை வைத்து டாக்டர் இருக்கும் இடத்துக்கு நடந்து வந்தார்.

"மொன்னையா இருந்தாலும் பரவால்லய்யா. நான் அசைய மாட்டேன். கத்த மாட்டேன். இன்னைக்கே அறுத்து விட்ருங்க."

"அம்மா, வலி கணக்கில்ல."

"பின்ன என்ன கணக்கு? எம் புள்ள செவ்வாக்கெழம போயிருவான்யா."

டாக்டர் என்னை வளையத்தை எடுக்கச் சொன்னார். அந்த அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் பிடித்து, கெட்டுப்போன கத்தியைத் தோலில் இறக்கினார். கிறீச்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"இது தோலும்மா. உங்க கண்ணு இதைவிட ரொம்ப மெல்லிசு. அந்தச் சத்தம் உங்க கண்ணுக்குள்ள கேட்டா, பிறகு வெளிச்சம்கூடத் தெரியாது."

அந்த அம்மா கணேசன் பக்கம் கையை நீட்டினார். அவன் வந்து பிடித்துக்கொண்டு போனான். எனக்கு அந்த நேரத்தில் ராமையாவை அடிக்கலாம் போல இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

வேன் புதன்கிழமை சாயந்தரம்தான் வந்தது, சூப்பிரண்டெண்டைத் தேடிப் பிடிக்கவே ஒன்றரை நாள் ஆகியிருந்தது. மூன்று கத்திகள் கிடைத்திருந்தன. ராமையா பெட்டியை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி இறங்கினார், நான் வந்த மாதிரியே. "கும்மோணத்துலேர்ந்து இங்கிட்டு வர்ற வரைக்கும் மனுசன் பச்சத் தண்ணி குடிக்கல சிஸ்டர்," என்று அந்தோணி என்னிடம் தனியாகச் சொன்னார். டாக்டர் மூன்றையும் தோலில் விட்டுப் பார்த்தார். சத்தமில்லாமல் இறங்கின. அப்போதுதான் ராமையா சுவரோரம் உட்கார்ந்து அழுதார். நான் ஒரு செம்பில் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வியாழக்கிழமை ஆபரேஷன் என்றால் கட்டு அவிழ்ப்பது அடுத்த வியாழக்கிழமை. கணேசன் போவது செவ்வாய். இந்தக் கணக்கை யாரும் அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவரே போட்டு வைத்திருந்தார். கணேசன் கெஞ்சினான்.

"வேணாம் ஆத்தா. இருக்குற அஞ்சு நாளும் வீட்டுல எங்கூட இரு. இப்பக் கட்டப் போட்டா எம் நெழலுகூடத் தெரியாது ஒனக்கு. நாகப்பட்டினம் வரைக்கும் ஒன்னையும் கூட்டிட்டுப் போறேன், கப்பலடில நின்னு கையக் காட்டு."

அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் வரமாட்டார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் திரும்ப வந்திருக்க மாட்டேன். பிள்ளையோடு ஐந்து நாள் இருந்து அவன் நிழலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வியாழக்கிழமை காலை முதல் ஆளாக வந்து நின்றார். கணேசன் முகம் தொங்கிப் போயிருந்தது. "இப்பப் பண்ணாட்டி, அடுத்த தடவ அவன் வாரப்பவும் நான் தடவித்தானய்யா பாக்கணும்," என்றார் டாக்டரிடம். "அவன் வருவான். வாரப்ப எனக்குக் கண்ணு இருக்கணும்."

மேஜை மேல் படுக்கவைத்துச் சொட்டு மருந்து விட்டோம். இமையை விலக்கும் கம்பியைப் பொருத்தினேன். டாக்டர் கையை நீட்டினார், கத்தியைப் பிடியைத் திருப்பி அவர் விரல்களில் வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் அலகு ஒரு ஓரத்தில் நுழைந்தது, கண்ணுக்குள் மினுங்கிக்கொண்டு நகர்ந்தது, மறு ஓரத்தில் முனை தெரிந்தது, மேலே வந்துவிட்டது. நான் மூச்சு விட்டேன். புரை வெளியே வந்தபோது துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக, பழுப்பாக இருந்தது. அந்த அம்மா சொன்ன மாதிரியே அசையவில்லை. கத்தவில்லை.

பிறகு கட்டு, மணல் பை. கணேசன் பக்கத்தில் ஒரு பெஞ்சைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மெல்லக்கூடாது என்பதால் கஞ்சியை அவனே கரண்டியால் ஊட்டினான். பினாங்கில் மழை எப்படிப் பெய்யும், சீனர்கள் கடையில் வந்து எப்படிப் பேரம் பேசுவார்கள் என்று பேசிக்கொண்டே இருந்தான். அந்த அம்மாவுக்கு அவன் பக்கம் தலையைத் திருப்பவும் அனுமதி இல்லை. கையை மட்டும் அவன் மணிக்கட்டில் வைத்திருப்பார். அவன் சிறிது நேரம் எழுந்து போனாலும் அந்தக் கை காற்றில் தேடும்.

திங்கட்கிழமை சாயந்தரம் நான் டாக்டரிடம் போனேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் கட்டை அவிழ்க்கலாமா என்று கேட்டேன். என் வேலையில் நான் அப்படிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். "அவிழ்த்தா அவனைப் பார்ப்பாங்க. பார்த்தா அழுவாங்க. அழுதா காயம் விரிஞ்சிடும். அப்புறம் அவன் அடுத்த தடவை வரும்போது என்ன செய்யறது?" என்றார் டாக்டர். அவர் கோபமாக இல்லை. எனக்குத்தான் கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம்.

செவ்வாய் விடியலில் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. கணேசன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் காலைத் தொட்டான். அவன் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு எப்படியோ அதுவும் தெரிந்துவிட்டது.

"அழக்கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லியிருக்கு. நீயும் அழாத. அழுதியன்னா எனக்கும் வரும்." உதட்டை இறுக்கிக்கொண்டார். "போயிட்டு வாரேன்னு சொல்லு."

"போயிட்டு வாரேன் ஆத்தா."

"ம். வா."

நான் அவனோடு கேட் வரைக்கும் போனேன். பஸ்ஸில் கால் வைக்கும் முன் திரும்பி, "கட்டு அவுக்கிறப்ப நீங்க இருப்பீங்களா?" என்று கேட்டான். இருப்பேன் என்றேன். பஸ் போய்விட்டது.

திரும்பி வந்தால் அந்த அம்மா, "பஸ்ஸு போயிருச்சா?" என்றார். போயிற்று என்றேன். "நீ அவன நல்லாப் பாத்தியா தாயி?" என்றார்.

"பாத்தேம்மா."

"எப்புடி இருக்கான்? சொல்லு."

எனக்குக் கத்தியைப் பற்றிச் சொல்ல வரும், முகத்தைப் பற்றிச் சொல்ல வராது. இருந்தாலும் சொன்னேன். மாநிறம். மேல்நெற்றி ஏறியிருக்கிறது. இடது புருவத்தில் ஒரு கீறல் தழும்பு. காது கொஞ்சம் விரிந்தாற்போல இருக்கும். சிரித்தால் ஒரு பக்கம்தான் சிரிப்பான்.

"மூக்கு அவுக அப்பா மாரி இருக்கா?"

"அவங்க அப்பாவை நான் பாத்ததில்லையேம்மா."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கவும் கூடாது, அடக்கிக்கொண்டார். "திரும்பச் சொல்லு," என்றார். அன்றைக்கும் மறுநாளும் எத்தனை தடவை சொன்னேனோ, ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது ஞாபகம் வந்தது. அவன் நகம் கடிப்பான் என்பதை அவருக்கு நான்தான் சொன்னேன்.

இங்கேயே வழி விவரத்தைச் சொல்லிவிடுகிறேன், மீதியை எழுதின பிறகு என்னால் பஸ் நேரம் பேச முடியாது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை 53 கிலோமீட்டர், அங்கிருந்து அறந்தாங்கி 32, அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் 14. எல்லா இடத்திலும் பஸ் மாறி மாறிக் கிடைக்கிறது என்று அண்மையில் போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். தங்குவதென்றால் அறந்தாங்கியில் தங்குங்கள், நல்ல லாட்ஜுகள் இருக்கின்றனவாம். கோயில் நடுப்பகலில் சாத்தியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். கொடுங்கையை அவசரப்படாமல், கழுத்து வலிக்க வலிக்கப் பாருங்கள். கொடும்பாளூரையும் இதோடு சேர்த்துவிடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது மதுரை ரோட்டில் விராலிமலைக்குப் பக்கம், நேர் எதிர்த்திசை. தனி நாள் ஒதுக்குங்கள். கல் தரை சுடும், ஆவுடையார்கோவில் வெளிப்பிரகாரத்தை வெயில் ஏறுவதற்குள் சுற்றிவிடுங்கள்.

நான் ஏன் திரும்பப் போகவில்லை என்று கேட்பீர்கள். ஆசை இல்லாமல் இல்லை. அறுபது வருஷமாக அந்த ஆசை இருக்கிறது. போனால் மீமிசல் ரோட்டில் ஒவ்வொரு ஊராக இறங்கி, பினாங்கிலிருந்து கணேசன் என்று ஒருவர் திரும்பி வந்தாரா என்று கேட்க ஆரம்பித்துவிடுவேன். வரவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது? நீங்கள் போனால், யாரிடமும் எனக்காகக் கேட்க வேண்டாம். கோயிலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்த வியாழக்கிழமை காலை ஜன்னல் கதவுகளைப் பாதி சாத்தினேன். ராமையா வாசலில், உள்ளே வராமல் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் கட்டை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். பஞ்சை எடுத்து, இமையை வெந்நீரில் துடைத்து, கண்ணைத் திறக்கச் சொன்னார். கனமான ஒரு கண்ணாடி வில்லையைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். காயம் சுத்தமாக ஆறியிருந்தது. அந்த அம்மா கண்ணை மூடித் திறந்தார், மூடித் திறந்தார்.

"இது எத்தனை விரல்?" என்று டாக்டர் கேட்டார்.

அவர் விரலைப் பார்க்கவே இல்லை. "நர்ஸம்மா எங்க?" என்றார்.

நான் குனிந்தேன். இரண்டு கைகளாலும் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். என் முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் பார்வை என் வாய்க்கோ மூக்குக்கோ போகவில்லை. முதலில் ஒரு கண்ணைப் பார்த்தார், பிறகு மற்றக் கண்ணை.

"இந்தக் கண்ணுதான தாயி அவனப் பாத்துச்சு?"

"ஆமாம்மா."

"அசையாம இரு. கொஞ்ச நேரம் பாத்துக்கிறேன்."

நான் கண்ணைச் சிமிட்டாமல் இருந்தேன்.